பிரவுசர் இருந்தால் போதும்

வாயைத் திறக்காத ஆள் என்றுதான் கம்பெனியில் என்னைச் சொல்வார்கள். ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். காலையில் கார்டைக் காட்டி உள்ளே போனால் சாயங்காலம் வரைக்கும் மெஷின்தான் பேசும். கல்யாண வீட்டுக்குப் போனால் மொய் எழுதிவிட்டு, முதல் பந்தியில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, யாராவது "அப்புறம்?" என்று பேச்சை ஆரம்பிப்பதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். புது முகங்களைப் பார்த்தால் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. மத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மேலே படிக்காததற்குப் பெரிய கதை எதுவும் இல்லை. ஆறாம் வகுப்புக்கு வேறு ஊருக்குப் போக வேண்டும், புது வாத்தியார், புதுப் பையன்கள். எனக்குப் பயமாக இருந்தது, போகவில்லை. வீட்டிலும் யாரும் பிடித்துத் தள்ளவில்லை. தமிழ் நன்றாகப் படிப்பேன். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டுவேன். கூட்டி முடித்த பிறகு அது என்ன வார்த்தை என்று மட்டும் தெரியாது.

இப்படிப்பட்ட ஆளுக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். கேண்டீன் மூலையில் காதில் ஒயரைச் சொருகிக்கொண்டு, சோற்றைப் பிசைந்தபடி, தமிழில் கம்ப்யூட்டர் பாடம் சொல்கிறவர்களை ஒருவர் விடாமல் கேட்பேன். பெங்களூரில் கம்பெனிகள் கழித்துப் போடுகிற பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்து, பிரித்து, தூசி தட்டி, மறுபடி மாட்டினேன். அது ஓடியது. ஓடியதிலிருந்து எனக்கு எல்லாவற்றிலும் ஒரு கருத்து வந்துவிட்டது.

போனை நூறு வரைக்கும் சார்ஜ் போடக் கூடாது என்பது என் கருத்து. டார்ச் அடிக்கிற ஆப் நம் போன் நம்பர்களையெல்லாம் எதற்குக் கேட்கிறது என்று கேட்பேன். பெங்களூரில் ஐ.டி. கம்பெனிகள் ஆட்களை வேலையிலிருந்து அனுப்புகின்றன என்று செய்தி வந்தால், அது ஓசூர் வாடகையில் எப்போது தெரியும் என்று கணித்துச் சொல்வேன். மெட்ரோ ரயில் ஓசூர் வரை வருமா, விமானம் இறங்குமா, இரண்டுக்கும் என்னிடம் பதில் உண்டு. தண்ணீர்ப் பிரச்சினை கிளம்பி எல்லையில் பஸ் நின்றுபோகும் நாட்களில், போனில் மொழிச் சண்டை போடுகிறவர்கள் யாரும் பாகலூர்ப் பக்கம் காய் வாங்க வந்ததே இல்லை என்பேன். இங்கே கத்தரிக்காய் விலையைத் தமிழில் கேட்டு, கன்னடத்தில் குறைத்து, தெலுங்கில் வாங்கிக்கொண்டு போவார்கள். இப்போது கேட்டதையெல்லாம் எழுதித் தருகிற செயற்கை அறிவு வந்திருக்கிறதே, அதைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன். "அதுக்கு எல்லாம் தெரியும். தெரியாதுன்னு சொல்ல மட்டும் தெரியாது. அதான் அதோட கொறை" என்று.

இதையெல்லாம் நான் சொன்னது ஒரே ஓர் இடத்தில்தான். பாகலூர் சாலையில் பழைய கம்ப்யூட்டர் விற்று, பழுது பார்த்து, பட்டா சிட்டா எடுத்துக் கொடுத்து, ஜெராக்ஸும் போடுகிற ஒரு பாய் கடை. என்னைவிட அவருக்கு வயது குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே நாலைந்து பேர் சேர்வோம். அதில் முக்கியமானவர் பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிற ஒரு பெரியவர். வீட்டில் தெலுங்கு, தோட்டத்தில் கன்னடம், கடையில் தமிழ் பேசுவார், எதைப் பேசினாலும் சத்தமாகத்தான் பேசுவார். அந்தக் கடையில் மட்டும் என் நாக்கு ஏன் ஒட்டவில்லை என்று யோசித்திருக்கிறேன். அங்கே பேசும்போது எல்லோரும் ஏதோ ஒரு ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அதனால் இருக்கலாம்.

பாய் எனக்கு வைத்த பெயர் விஞ்ஞானி. "வாங்க விஞ்ஞானி, இன்னிக்கு என்னா அப்டேட்டு?" என்பார். "சும்மா இருங்க பாய்" என்று நான் முகத்தைச் சுளிப்பேன்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் என்ன கருத்தும் சொல்லலாம். ஆனால் போன ஞாயிறு சொன்னது இந்த ஞாயிறுக்குள் பொய்த்துப் போனால், சொன்னவர்தான் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். வாக்குவாதம் கிடையாது. "டீ என்னுது" என்று சொல்லிவிட்டால் தப்பை ஒத்துக்கொண்டதாக அர்த்தம். அதற்கு மேல் யாரும் கிண்டக் கூடாது. மழை வரும் என்று சொல்லி ரோஜாத் தோட்டக்காரர் பலமுறை டீ வாங்கியிருக்கிறார். எனக்கு அந்த முறை வந்ததே இல்லை. நான் சொல்வதெல்லாம் இன்னும் ஒரு வருடத்தில், இரண்டு வருடத்தில் நடக்கும் என்றுதான் இருக்கும். ஒரு வாரத்தில் எப்படிப் பொய்க்கும்?

என் மகள் கிருஷ்ணகிரியில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருடம் இருந்தாள். பெங்களூர்க் கம்பெனி ஒன்று ஆள் எடுப்பதற்குத் தேர்வு வைத்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டிலிருந்தே எழுதலாம். காலேஜில் பலபேர் விண்ணப்பித்ததில் கொஞ்சம் பேரைத்தான் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் அதில் இருந்தாள். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் மேஜை முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவர் யாரும் கிடையாது. அவள் அம்மா அந்த வாரம் முழுக்கக் கோயிலுக்குப் போய்வந்தாள்.

தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். விண்டோஸ் என்பது காசு கொடுத்து வாங்குவது, லினக்ஸ் என்பது உலகத்தில் பலபேர் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுப்பது. எங்கள் கம்ப்யூட்டர் பழையது, விண்டோஸ் மூச்சு வாங்கியது. லினக்ஸ் போட்டதும் இளவட்டம் மாதிரி எழுந்து ஓடியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சூட்டோடு பாய் கடைக்குப் போய் ஒரு பிரசங்கமே செய்தேன்.

"பிரவுசர் இருந்தா போதும் பாய். பேங்கு, பரீட்சை, ஆபீசு எல்லாம் பிரவுசருக்குள்ளயே வந்துடுச்சு. கீழ என்னா ஓடுதுன்னு யாரு பாக்கறா? இனிமேட்டு விண்டோஸ் போட்டுக் குடுக்கற கடையெல்லாம் பூட்டிக்க வேண்டியதுதான்."

பாய் ஒரு மதர்போர்டை ஊதிக்கொண்டிருந்தார். "அப்ப நான் இவரு தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போறேன்ணா. கூலி என்னா குடுப்பீங்க பெரியவரே?"

"நீ மருந்தடிச்சா பூச்சி சாவாது, ரோஜா சாவும்" என்றார் தோட்டக்காரர்.

வீட்டுக்கு வந்தபோது மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புதுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பிடி?" என்று கேட்டேன்.

"வேகமா இருக்குதுப்பா" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "டெஸ்டுக்கு அவங்க ஒரு சாஃப்ட்வேர் எறக்கச் சொல்லியிருக்காங்க. அது இதுல வருமா?"

"எல்லாம் பிரவுசர்தான்மா. பேருதான் வேற வேற."

"கண்டிப்பா வருமாப்பா?"

"வரும்னா வரும்."

அவள் படித்த படிப்பு எனக்குக் கிடையாது. அவளுக்குச் சந்தேகம் இருந்தது, எனக்கு இல்லை. கம்ப்யூட்டர் பற்றி நான் பேசும்போது மட்டும்தான் வீட்டில் என் குரல் பெரிதாக இருக்கும். அவள் சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள், மறுத்துப் பேச மனம் வரவில்லை போலிருக்கிறது. தேர்வு சாஃப்ட்வேரோ அன்றைக்குக் காலையில்தான் இறக்குவதற்குக் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் முன்கூட்டி முயன்று பார்க்கவும் வழி இல்லை.

சனிக்கிழமை நான் லீவு போட்டிருந்தேன். காலையில் அவள் ஸ்கிரீன் மேல் கேமராவை மாட்டிவிட்டு அந்த சாஃப்ட்வேரை இறக்கினாள். அதைத் திறந்தால் கேமரா நம்மையே பார்க்கும், மைக் நம் சத்தத்தைக் கேட்கும், வேறு எதையும் தொட முடியாது. அப்படி ஒரு காவல்காரன். அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினாள். லினக்ஸ், இது என்னவென்றே எனக்குத் தெரியாது என்கிற மாதிரி ஒரு கட்டத்தைக் காட்டியது.

"தள்ளு" என்று நான் உட்கார்ந்தேன்.

விண்டோஸுக்கு எழுதிய சாஃப்ட்வேரை லினக்ஸில் ஓட வைக்கிற தந்திரம் ஒன்று உண்டு என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். அதைத் தேடி, போனில் ஓட விட்டு, அவர் சொல்வதைப் போலவே செய்தேன். காவல்காரன் எழுந்து வந்தான். வந்து, ஆங்கிலத்தில் சிவப்பாக ஒரு வரி எழுதிவிட்டு மூடிக்கொண்டான். மகள் அதைப் படித்தாள். "என்னாம்மா போட்டிருக்கான்?" என்று கேட்டேன்.

"இந்தக் கம்ப்யூட்டர்ல எழுத முடியாதுன்னுப்பா."

கிருஷ்ணகிரி காலேஜுக்குப் போய் எழுதவும் நேரம் இல்லை, விண்டோஸைத் திரும்பப் போடவும் நேரம் இல்லை. பத்தேகால் வரைக்கும் உள்ளே நுழையலாம், அதற்குப் பிறகு கதவு சாத்தப்படும் என்று விதி. நான் இன்னொரு வீடியோவைத் தேடினேன். சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி, "பாய் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"இரு, பாக்கறேன்."

"என்னாத்தப் பாக்கறீங்க? பாய் கடைக்குப் போனா வாய் தேஞ்சிடுமா?"

எனக்குப் போகத் தோன்றாமல் இல்லை. முதலிலேயே தோன்றியது. பூட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று போன வாரம் நான் சொன்ன அதே கடை. அந்த வார்த்தைதான் என் காலைக் கட்டியது. மகள் ஹால் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, செருப்புப் போட்டு, வாசலில் போய் நின்றாள். வா என்று கூப்பிடவில்லை, நின்றாள். அதற்குப் பிறகுதான் எழுந்தேன்.

மொபெட்டில் அவளைப் பின்னால் உட்காரவைத்து, பாகலூர் சாலையின் பள்ளங்களையெல்லாம் ஏற்றி இறக்கிப் போனேன். எதிரே ஷிப்ட் பஸ்கள் வந்தன. ஜன்னலில் யூனிபாரம் போட்ட பெண்கள் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். என் மகளும் நாளைக்கு இப்படி ஏதோ ஒரு பஸ்ஸில் போவாளா, அல்லது நான் சொன்ன கருத்தால் அதுவும் இல்லாமல் போகுமா என்று நினைத்துக்கொண்டே வண்டியை இன்னும் முறுக்கினேன்.

சனிக்கிழமை கடையில் கூட்டம். ரோஜாத் தோட்டக்காரரும் நிழல்வலைக் கூடாரத்துக்கு மானியம் கேட்டு விண்ணப்பம் போட வந்திருந்தார். பாய் நிமிர்ந்து பார்த்தார். "என்னாண்ணா, சனிக்கிழமையே? விஞ்ஞானிக்கு லீவா?"

கல்யாண வீட்டில் ஒட்டிக்கொள்கிற நாக்கு அந்தக் கடையிலும் ஒட்டிக்கொண்டது.

மகள் பேசினாள். "அங்கிள், பத்து மணிக்கு எனக்கு டெஸ்ட்டு. எங்க கம்ப்யூட்டர்ல அவங்க சாஃப்ட்வேர் தெறக்கல. நான்தான் அப்பாகிட்ட லினக்ஸ் போடச் சொன்னேன். காலேஜ்ல அதுதான் கத்துக் குடுக்கறாங்கன்னு. தப்பாப் போச்சு அங்கிள்."

பாய் என்னைப் பார்த்தார். போன வாரம் என் பிரசங்கத்தை முழுசாகக் கேட்டவர். நான் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தேன். அதில் ஒரு ரேஷன் கார்டு வெளிச்சம் பட்டுப் படியெடுத்துக்கொண்டிருந்தது. அவள் சொன்னது பொய் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அது வெளியே வரவில்லை.

"உள்ள வாம்மா" என்றார் பாய். தான் பில் போடுகிற கம்ப்யூட்டரிலிருந்து எழுந்தார். கடையிலேயே நல்லது அதுதான், கேமராவும் அதில்தான். "அண்ணனுங்க எல்லாம் கோவிச்சிக்காதீங்க. பாப்பாவுக்குப் பரீட்சை. கேமராவுல வேற ஆளு தெரியக் கூடாது. கொஞ்சம் வெளிய நில்லுங்க." எல்லோரும் வெளியே வந்தார்கள். ஷட்டரை முக்கால்வாசி இறக்கினார். கதவு சாத்துவதற்குள் அவள் நுழைந்துவிட்டாள் என்பது ஷட்டருக்குக் கீழே அவள் பாதங்கள் அசையாமல் நின்றதில் தெரிந்தது.

அவ்வளவு பேரும் வெயிலில் நின்றோம். பட்டாவுக்கு வந்தவர்கள், ஆதாருக்கு வந்தவர்கள், குழந்தையோடு வந்த ஓர் அம்மா. எதிர்க்கடைக் கூரை நிழலில் கொஞ்சம் பேர் ஒண்டினார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஏமய்யா" என்றார் தோட்டக்காரர், தன் வழக்கமான குரலில். "உன் ஊட்ல கம்ப்யூட்டரு இருக்குது இல்ல? தெனம் அதப் பத்தியே பேசுவியே?"

"பெரியவரே, மெதுவா. உள்ள மைக்கு இருக்குது" என்றார் பாய்.

அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. என் காதுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அப்போதும் பாதித் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கேட்டார். "நீ சொன்னியே, ஏதோ மெஷினு, எல்லாம் தெரியுமாம், தெரியாதுன்னு சொல்ல மட்டும் தெரியாதாம். அதுகிட்ட கேட்டிருந்தா வழி சொல்லியிருக்காதா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாய் அந்தப் பக்கம் திரும்பி யாருக்கோ போன் செய்வதுபோல நின்றுகொண்டார். சிரிக்காமல் இருக்க அப்படிச் செய்தாரா, என்னைப் பார்க்காமல் இருக்கவா என்று தெரியவில்லை.

நாங்கள் எப்போதும் கத்திக்கொண்டு கிடக்கிற இடம் அது. அன்றைக்கு ஒருவரோடு ஒருவர் கையைக் காட்டித்தான் பேசிக்கொண்டார்கள். அப்போது சாலையின் மேல் கோடியிலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் வந்தது. வெங்காய ஆட்டோ. "பெங்களூர் வெங்காயம், பெங்களூர் வெங்காயம்" என்று பதிவுசெய்த குரல் விடாமல் கத்திக்கொண்டு கடையை நோக்கி வந்தது. மைக்கில் வேறு குரல் கேட்டால் தேர்வை நிறுத்திவிடுவார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். பாய் நகர்வதற்குள் நான் ஓடினேன். நடுரோட்டில் ஆட்டோவுக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் கூப்பினேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"ஏனு சுவாமி? சாயக்கே பந்தித்தீரா?" என்று கத்தினார் ஓட்டுகிறவர். சாக வந்தாயா என்று கேட்கிறார்.

"மகளு" என்றேன். "பரீக்ஷே. மகளு பரீக்ஷே பரீத்தா இதாளே." என் மகள் பரீட்சை எழுதுகிறாள் என்று, எனக்குத் தெரிந்த உடைந்த கன்னடத்தில். முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாக வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டது அதற்கு முன் எப்போது என்று நினைவில்லை.

அவர் ஷட்டரைப் பார்த்தார், வெயிலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். ஒலிபெருக்கியை நிறுத்தினார். இன்ஜினையும் நிறுத்திவிட்டு இறங்கி ஆட்டோவைத் தள்ளினார். நானும் பின்னாலிருந்து தள்ளினேன். வெங்காயச் சருகு முகமெல்லாம் பறந்தது. கடையைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் அவர் மறுபடி இன்ஜினைக் கிளப்பினார். ஆல் த பெஸ்ட் சொல்லச் சொன்னார்.

தேர்வு முடிந்து ஷட்டர் மேலே போனது. மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "எப்பிடிம்மா?" என்று பாய்தான் கேட்டார்.

"பரவால்ல அங்கிள். உள்ள போக லேட்டானதுல கடைசியில கொஞ்சம் கேள்வி விட்டுப்போச்சு."

அந்தக் கொஞ்சம் கேள்வி எது என்று எனக்குத் தெரியும். இரு பாக்கறேன் என்று நான் வீடியோ தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

அடுத்த ஞாயிறு நான் கடைக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. ஓவர்டைம் என்று பாயிடம் போனில் சொன்னேன். வீட்டில் மகள் அந்த லினக்ஸிலேயே பாடம் படித்தாள், படம் பார்த்தாள், ஒருநாளும் அதை மாற்றச் சொல்லவில்லை. தேர்வைப் பற்றி அவள் அம்மா கேட்டபோதும் கடையில் சொன்னதையே சொன்னாள். "நான்தான்மா போடச் சொன்னேன்." அவள் அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். என் எதிரில் மகளை எதற்குப் பொய்க்காரியாக்குவது என்று விட்டிருப்பாள்.

பிறகு ஒரு சாயங்காலம் தேர்வில் தேறியதாகச் செய்தி வந்தது. அடுத்தது வீடியோவில் நேர்காணல். அதற்கும் அதே காவல்கார சாஃப்ட்வேர்தான். அவள் அம்மா சர்க்கரையைக் கொண்டுவந்து வாயில் போட்டாள். மகள், "நான் அங்கிள் கடையிலயே பண்ணிக்கறேன். அவரு அன்னிக்கே சொல்லிட்டாரு, எப்ப வேணா வான்னு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். கம்ப்யூட்டர் அவளுக்குப் பின்னால் மேஜையில் இருந்தது. சொந்த வீட்டில் அது இருக்க, அவள் வேறு ஒருவர் கடையில் போய், அவருடைய ஆட்களையெல்லாம் மறுபடி வெயிலில் நிறுத்தி, வேலைக்குப் பேச வேண்டும். யார் மனம் நோகக் கூடாது என்று அவள் அதற்குத் தயாராக இருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒயர்களைக் கழற்றி, கம்ப்யூட்டர் பெட்டியை ஒரு பழைய துண்டில் சுற்றி, மொபெட்டின் முன்பக்கம் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கடையில் எல்லோரும் இருந்தார்கள். கூட்டமில்லாத கிழமையாகப் பார்த்து வந்திருக்கலாமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. பெட்டியை மேஜைமேல் இறக்கினேன்.

"ஓவர்டைமு முடிஞ்சிதாண்ணா?" என்றார் பாய்.

"டீ என்னுது" என்றேன்.

தோட்டக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். "நீ ரெண்டு வாரமா வரவே இல்லியே. எதுக்கு டீ? எந்தக் கருத்துக்கு?"

"பிரவுசர் இருந்தா போதும்னு சொன்னதுக்கு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "பாப்பா சொல்லிப் போடல பாய். நானாத்தான் போட்டேன்."

"தெரியும்ணா" என்றார் பாய், துண்டை அவிழ்த்துக்கொண்டே. அன்றைக்கே தெரியும் என்று அவர் சொல்லவில்லை. டீக்கடைப் பக்கம் திரும்பி எத்தனை டீ என்று விரலைக் காட்டினார். வழக்கப்படி அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

"பழையபடி விண்டோஸ் போடணும், அவ்ளோதான? பாப்பாவோட ஃபைலு ஏதாச்சும் உள்ள இருக்கும். மொதல்ல அத எடுத்துக்கலாம்" என்று பெட்டியைத் தன் பெரிய ஸ்கிரீனில் மாட்டிச் சுவிட்சைப் போட்டார். லினக்ஸ் வேகமாக எழுந்தது. எழுந்ததும், உள்ளே நுழையப் பாஸ்வேர்டு கேட்பதற்கு முன், யாருடைய கம்ப்யூட்டர் என்று நடுத்திரையில் பெரிய எழுத்தில் பெயரைக் காட்டும். போடும்போது பெயர் என்ன என்று அது கேட்டது. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் நான் தமிழில் தட்டிவைத்த பெயர். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

தோட்டக்காரர் தமிழைக் கூட்டித்தான் படிப்பார். கூட்டினார். "வி… ஞ்… விஞ்ஞா… விஞ்ஞானி."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு கடையே குலுங்கியது. பாய் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சும்மா இருங்க பாய், சும்மா இருங்க பாய்னுட்டு, ஊட்ல போயி போர்டே மாட்டி வெச்சிக்கினியாண்ணா!" நான் அந்தப் பெட்டிக்குள்ளேயே புகுந்துகொள்ளலாமா என்று நினைத்தேன். காது, கழுத்து எல்லாம் சுட்டது. அந்தப் பெயரை மகள் தினமும் பார்த்துத்தான் உள்ளே போயிருப்பாள். பாஸ்வேர்டை அடிப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் அதைப் படித்திருப்பாள். அன்றைக்குக் கடையில் அவள் ஏன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள் என்பதற்கு எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

டீ வந்தது. பாய் ஃபைல்களை எடுத்து வைத்துவிட்டு விண்டோஸைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அதுவும் பெயரைக் கேட்டது. "என்னா பேரு போடட்டும்ணா?"

"பாப்பா பேரு."

"தமிழ்லயா, இங்கிலீசுலயா?"

அதற்கும் என்னிடம் ஒரு கருத்து இருந்தது. நம் கம்ப்யூட்டரில் நம் எழுத்துதான் இருக்க வேண்டும் என்று பலமுறை அதே கடையில் பேசியிருக்கிறேன். வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். "கேட்டுச் சொல்றேன்" என்று போனை எடுத்தேன். என் போனில் காதில் வைத்துப் பேசுகிற ஸ்பீக்கர் போய் மாதக்கணக்காகிறது, சத்தமாகத்தான் பேச முடியும்.

"தமிழ்லயா இங்கிலீஷ்லயாம்மா, உன் பேரு?"

"எதுவா இருந்தாலும் சரிப்பா" என்றாள். பிறகு, "இருங்க, பழைய பேர எடுத்துட்டீங்களா?"

"எடுத்தாச்சு."

"அய்யோ, ஏம்ப்பா? அது நல்லாத்தான இருந்துச்சு."

கடை முழுக்கக் கேட்டது. தோட்டக்காரர் போனை நோக்கிக் குனிந்து, "பாப்பா! உங்க விஞ்ஞானி இங்க எல்லாருக்கும் டீ ஊத்திக்கினு இருக்காரு!" என்று கத்தினார். அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது. நான் காலி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நேர்காணல் எங்கள் வீட்டில்தான் நடந்தது. நானும் அவள் அம்மாவும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம், உள்ளே என்ன ஓடுகிறது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. வேலை கிடைத்தது. இப்போது தினமும் காலையில் எல்லையைத் தாண்டிப் போகும் பஸ்ஸில் ஏறுகிறாள். கம்பெனியில் கொடுத்த லேப்டாப்பைப் பற்றி அவள் கேட்டால்கூட ஒன்றும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன். போன வாரம், அதை எப்போதும் சார்ஜரிலேயே சொருகி வைத்திருக்கிறாளே என்று பார்த்துப் பேட்டரியைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் காது சுட்டது. "அப்பிடியாப்பா?" என்று கேட்டுவிட்டு அவள் சார்ஜரைப் பிடுங்கினாள். நான் சொன்னது சரிதானா என்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாயிடம் கேட்க வேண்டும்.